கிராண்டில் ஏறிய பெயர்: அக்கா மகளின் முதல் வீடு

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு லாயர் ஆபிசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, 22 வருடம் ஓடிவிட்டது. வீடு வாங்குவது, விற்பது, பூசாக்கா என்கிற வாரிசுச் சொத்து, கிராண்ட் என்கிற வீட்டுப் பத்திரத்தில் பெயர் மாற்றம் இவைதான் என் மேசைக்கு வரும் ஃபைல்கள். ஊரார் ஃபைல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிடுவேன். இங்கே எழுதப்போவது என் அக்கா மகளின் ஃபைல். அதில் ஒரு தவறு நடந்தது, அந்தத் தவறு நடந்த அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்.

வீட்டில் அவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். வயது 28. எழுதச் சம்மதித்தாள், இரண்டு நிபந்தனை போட்டாள். புது வீடு எந்த பிளாக் என்று சொல்லக்கூடாது. "அண்ணனைத் திட்டி எழுதாதீங்க மாமா." முதலாவதைக் காப்பாற்றிவிடுவேன். இரண்டாவதற்கு முயற்சி செய்கிறேன்.

பாப்பா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன். போலிடெக்னிக் டிப்ளோமா. அடிப்படைச் சம்பளம் 2,600 ரிங்கிட், ஷிப்ட் அலவன்ஸ் 400, ஓவர்டைம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். சராசரி 400 என்று வைத்துக்கொள்ளலாம். சேமநிதிக்கு 11 விழுக்காடு, சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்புச் சந்தா எல்லாம் போக, ஓவர்டைமைச் சேர்த்தால் கைக்கு மூவாயிரத்துச் சொச்சம் வரும். ஓவர்டைமைச் சேர்க்காமல் பார்த்தால் 2,650. இந்த இரண்டாவது எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பேங்க் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.

குடியிருந்தது ஆயர் ஈத்தாம் பக்கம், அப்பா விட்டுப்போன மலிவு விலை ஃப்ளாட். 42,000 ரிங்கிட்டுக்கு அந்தக் காலத்தில் வாங்கியது. அக்கா, மகன், மகள் மூன்று பேருக்கு அது போதும். 2024ஆம் ஆண்டு மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் போதவில்லை. பாப்பாவின் கட்டில் சாமி மேடைக்குப் பக்கத்தில் ஹாலுக்கு வந்தது. இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுத்தால், தலைமாட்டில் மணி ஆட்டி சாம்பிராணி போடுவார்கள். அவள் வீடு தேட ஆரம்பித்தது இதனால்தான். முதலீடு, சொத்துச் சேர்ப்பு என்ற பெரிய எண்ணமெல்லாம் இல்லை. தூங்க ஓர் அறை வேண்டும்.

அவள் சித்தப்பா ஒருவர், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத் தனி வீடு, அந்தக் காசை நகையாப் போடுங்க, நாளைக்குக் கல்யாணத்துக்கு ஆகும்" என்றார். அக்கா பதில் பேசாமல் அவருக்கு டீ கலக்கப் போனாள். அப்படிப் போனால் அவள் மகள் பக்கம் என்று அர்த்தம்.

முதல் முயற்சி

என்னிடம் வருவதற்கு முன்பே ஒரு சுற்று முடிந்திருந்தது. ரிலாவில் ஒரு அபார்ட்மெண்ட், 285,000 ரிங்கிட். ஃபேக்டரிக்குப் பத்து நிமிடம். ஏஜெண்டு கழுத்தில் சிவப்பு அட்டை தொங்கியதா என்று மட்டும் கேட்டேன். தொங்கியதாம். பதிவு பெற்ற நெகோஷியேட்டருக்கு, அதாவது வீட்டுத் தரகருக்கு, அந்தச் சிவப்பு அட்டைதான் அடையாளம். அது இல்லாதவரிடம் புக்கிங் பணம் கொடுத்துவிட்டு என் மேசைக்கு முன்னால் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வகையில் பிள்ளை கெட்டிக்காரி. விலையில் மூன்று விழுக்காடு, 8,550 ரிங்கிட், கட்டியிருந்தாள்.

மூன்று பேங்குகள். மூன்றும் இல்லை என்றன.

அப்போதுதான் ஏஜெண்டு ஒரு வழி சொன்னாராம். எஸ்.என்.பி. என்கிற வாங்கல் விற்றல் ஒப்பந்தத்தில் விலையை 310,000 என்று போட்டுக்கொள்ளலாம், 90 விழுக்காடு லோன் கிடைத்தால் முன்பணமே தேவைப்படாது. ஊரில் இதற்கு "மார்க் அப்" என்று பெயர். பாப்பாவின் கேள்வி எளிமையானது: "எல்லாரும் செய்றாங்களாம், மாமா. நாம செஞ்சா என்ன?" பொய் விலையை ஒப்பந்தத்தில் எழுதி பேங்கிடம் கடன் வாங்குவது மோசடி. அதை ஒரு பக்கம் வையுங்கள். இவளுக்கு லோன் மறுக்கப்பட்டதே தவணை தாங்காது என்றுதான். தவணை தாங்காதவளுக்கு இன்னும் பெரிய லோனை மருந்தாகச் சொன்னவரை என்ன சொல்வது?

8,550 திரும்பி வந்தது, ஆனால் உடனே வரவில்லை. அவள் கையெழுத்துப் போட்ட ஆஃபர் கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லி, மேசை விளக்கை இழுத்து வைத்துப் படித்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: வாங்குபவரின் கடன் விண்ணப்பம் மறுக்கப்பட்டால், குறைந்தது இரண்டு பேங்குகளின் மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் முன்தொகை திருப்பித் தரப்படும். அந்த வரி இல்லையென்றால் பணம் போயிருக்கும். வாட்சப்பில் "சாரி, நாட் அப்ரூவ்ட்" என்று வந்ததை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, கடிதம் வேண்டும். கடிதம் வாங்க ஒரு மாதம், பணம் வர இன்னும் மூன்று வாரம்.

பேங்க் பார்த்தது, நாங்கள் பார்க்காதது

கடன் விஷயத்தில் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது, பேங்குக்குப் போகுமுன் சிசிரிஸ் என்கிற உங்கள் கடன் வரலாற்று அறிக்கையை நீங்களே பாருங்கள் என்பதுதான். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்திருக்கும் பதிவு அது. இணையத்திலேயே எடுக்கலாம், காசில்லை. ஒவ்வொரு கடனுக்கும் கடைசி 12 மாதம் ஒரு வரிசையில் இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்துக்கு 0. ஒரு மாதப் பாக்கி என்றால் 1, இரண்டு மாதம் என்றால் 2.

பாப்பாவின் அறிக்கையில் இரண்டு வரிசைகள். பிடிபிடிஎன் கல்விக் கடன், மாதம் 120, எல்லாம் பூஜ்யம். அதற்குக் கீழே கார் கடன், மாதம் 560. அந்த வரிசை இப்படி ஓடியது: 0 1 0 1 2 1 0 1 1 2 0 1.

"உன்கிட்ட கார் ஏது?"

"அண்ணனோடது."

அண்ணன் லாரி ஓட்டுகிறான். நாள் கூலி, சம்பளச் சீட்டு கிடையாது. 2021இல் கார் வாங்கப் போனபோது எந்தப் பேங்கும் அவனுக்குக் கொடுக்கவில்லை. தங்கைக்குச் சம்பளச் சீட்டு இருந்தது. அவள் பெயரில் வாங்கி அவன் ஓட்டினான், அவனே தவணையும் கட்டினான். லோடு குறைந்த மாதங்களில் தள்ளிப்போட்டான். "மறு மாசம் சேர்த்துக் கட்டிட்டேனே" என்றான். கட்டினான்தான், பொய்யில்லை. ஆனால் தள்ளிப்போட்ட ஒவ்வொரு முறையும் தங்கையின் வரிசையில் ஒரு எண் ஏறிக்கொண்டே போனது.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். சம்பளத்தில் எவ்வளவு தவணைக்குப் போகிறது என்பதை டிஎஸ்ஆர் என்பார்கள். கார் 560, கல்விக் கடன் 120, ரிலா வீட்டுக்கு லோன் கிடைத்திருந்தால் ஏறத்தாழ 1,150. மொத்தம் 1,830. கைக்கு வரும் நிலையான 2,650இல் இது 69 விழுக்காடு. சாப்பிடவும் மோட்டார்சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்றவும் 820 வெள்ளி (ரிங்கிட்) மிஞ்சும். பேங்க் மறுத்தது நியாயம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் நியாயம்தான்.

இதே கணக்கில் காரை எடுத்துவிட்டு, இரண்டு லட்சத்துச் சொச்சத்தில் ஒரு வீட்டை வைத்தால் 40க்குக் கீழே வருகிறது. பாப்பாவின் சம்பளம் சின்னதுதான். அதில் ஒரு வீடு அடங்கும். ஒரு வீடும் அடுத்தவர் காரும் சேர்ந்து அடங்காது.

'இல்லை' என்று டிக் போடப் போனபோது

அன்று ராத்திரி எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. கார் பிரச்சினை தீர்ந்தால் மீதி என் கையில் என்று நினைத்தேன். வருமானம் குறைந்தவர்களுக்கு முதல் வீடு வாங்க இந்த நாட்டில் வழிகள் உண்டு. 2011இல் தொடங்கிய ரூமா பெர்த்தாமாக்கு திட்டத்தில், தனி ஆளாக 5,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பாதிக்காதவருக்கு வீட்டு விலை முழுவதற்கும் பேங்க் கடன் கொடுக்கலாம், அந்தக் கடனின் மேல்பகுதிக்கான உத்தரவாதத்தை, சாகாமாஸ் என்ற தேசிய அடமான நிறுவனத்தின் துணை நிறுவனம் ஏற்கும். பத்து விழுக்காடு முன்பணம் புரட்ட வேண்டியதில்லை. முதல் வீடு ஐந்து லட்சத்துக்குள் என்றால் பெயர் மாற்றத்துக்கும் கடன் ஒப்பந்தத்துக்கும் முத்திரை வரி முழு விலக்கு. சம்பளச் சீட்டே இல்லாத அண்ணன் போன்றவர்களுக்குக்கூட எஸ்ஜேகேபி என்று அரசாங்க உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. அதை அவனிடம் பிறகு தனியாகச் சொன்னேன்.

அக்கா வீட்டு மேசையில் ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தேன். இதற்குமுன் ஏதேனும் குடியிருப்பு வீடு உங்கள் பெயரில் இருந்ததுண்டா என்ற கேள்வி. 'இல்லை' கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டேன்.

"மாமா, அப்பா வீட்டு கிராண்ட்ல என் பேரு இருக்குதானே?"

பேனாவை எடுத்தேன். டிக் பாதி விழுந்திருந்தது, ஒரு சின்ன கீறல்.

2016இல் மாமா, அதாவது என் அக்கா கணவர், உயில் எழுதாமல் போய்விட்டார். ஃப்ளாட்டைப் பெயர் மாற்ற நில அலுவலகத்துக்கு அக்காவைக் கூட்டிப்போனது நான். அது எனக்குத் தினமும் நடக்கிற வேலை. உயில் இல்லாத சிறிய சொத்துகளை நில அலுவலகமே விசாரித்துப் பிரித்துக் கொடுக்கும், கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, இறந்தவருக்குத் தாய் தகப்பன் உயிரோடு இல்லை, மனைவியும் பிள்ளைகளும் மட்டும் என்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளை இரண்டு பேர், ஆக ஆளுக்கு ஒரு பங்கு. அவ்வளவு அழகாகப் பிரிந்தது.

விசாரணை நடத்திய அதிகாரி நல்ல மனிதர். சட்டப்படி பிரிக்கவா, இல்லை பிள்ளைகள் தங்கள் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதமா என்று மலாயில் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "பிள்ளைங்க பேரும் இருக்கட்டும் அக்கா, நாளைக்கு அவங்களுக்குப் பாதுகாப்பு." பாப்பாவுக்கு அப்போது 19. என் சட்டைப் பையிலிருந்த பேனாவை வாங்கித்தான் கையெழுத்துப் போட்டாள்.

முத்திரை வரி விலக்கின் விதி தெளிவாக எழுதப்பட்டது. வாங்குபவர் இதற்குமுன் எந்தக் குடியிருப்பு வீட்டுக்கும் சொந்தக்காரராக இருந்திருக்கக்கூடாது, தனியாகவும் சரி, கூட்டாகவும் சரி. வாரிசாக வந்ததும் அன்பளிப்பாக வந்ததும் அதில் அடங்கும். 42,000 வெள்ளி ஃப்ளாட்டில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலும் அது வீடுதான். அந்தப் பங்கை இன்றைக்கே அம்மா பெயருக்கு எழுதிக்கொடுத்தாலும் பயனில்லை. இப்போது வீடு இருக்கிறதா என்றால் இல்லை என்று சொல்லலாம். இருந்ததுண்டா என்று கேட்டால்?

அண்ணன்காரன் ஒரு யோசனை சொன்னான், "யாரு மாமா பார்க்கப் போறா? சத்தியக் கடிதத்துல இல்லைன்னு எழுதிடலாம்." சத்தியப்பிரமாணக் கமிஷனர் முன்னால் போய் கையெழுத்துப் போடும் சத்தியக் கடிதத்தில் பொய் எழுதினால் அது குற்றம், அதுவும் எழுதப்போவது இவன் இல்லை, இவன் தங்கை. என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. புது மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இதை எத்தனையோ ஃபைலில் வேறு உருவத்தில் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, லோன் 35 வருடத்துக்குக் கிடைக்காது, மகனுக்கு 21 வயது, புது வேலை, அவன் பெயரையும் சேர்த்துப் போட்டால் தவணை குறையும் என்று அப்பா வீட்டை இரண்டு பேர் பெயரில் வாங்குவார்கள். மகனுக்குக் கல்யாணமாகி, தன் வீட்டை வாங்க வரும்போது அவன் 'முதல் வீடு' ஏற்கெனவே செலவாகியிருக்கும். பாசத்தில் செய்வதுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த ஆபிசில் இருந்துகொண்டு, அதை அறிந்தும், சொந்த அக்கா மகளுக்கு நான் அன்று யோசிக்கவில்லை.

பன்னிரண்டு மாதம்

ஜூலை 2024. திட்டம் இப்படி அமைந்தது: முழுக் கடனும் விலக்கும் கிடையாது என்று வைத்துக்கொண்டு, சாதாரண வழியில், 90 விழுக்காடு லோனில் வாங்குவது. அதற்கு ரொக்கம் சேர வேண்டும், சிசிரிஸ் வரிசை சுத்தமாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம்.

கார் தவணை இனி அண்ணன் நேரே கட்டுவதில்லை. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் தங்கை கையில் 560 கொடுத்துவிட வேண்டும், அவள் கணக்கிலிருந்து பேங்க் தானாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மாதம் அவன் கொடுக்கவில்லை. பாப்பா கையிலிருந்து போட்டாள், வரிசையில் பூஜ்யம் விழுந்தது. அவனைத் திட்டி எழுதக்கூடாது என்பதால் மேலே போகிறேன்.

சேமிப்புக்கு ஒரு சின்ன வித்தை செய்தோம். வாங்கப்போகும் வீட்டின் தவணை எவ்வளவோ அதை இப்போதே கட்டிப் பழகு என்றேன். மாதம் 900, தனிக் கணக்கு, ஏடிஎம் அட்டை என் அலமாரியில். அந்த 900 போனபின் அவளால் வாழ முடிகிறதா என்பதுதான் உண்மையான லோன் பரீட்சை. தீபாவளி மாதத்தில் அட்டையைக் கேட்டு வந்தாள், டீ குடித்துவிட்டுக் கேட்காமலே போனாள்.

அந்த வருடம் சேமநிதியில் ஒரு பெரிய மாற்றம். 11 மே 2024 முதல் இரண்டு கணக்கு மூன்றாகியது: ஓய்வுக்கால (பெர்சாரான்) கணக்குக்கு 75 விழுக்காடு, செஜாத்தெரா கணக்குக்கு 15, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃப்ளெக்ஸிபெல் கணக்குக்கு 10. பழைய இரண்டாம் கணக்கிலிருந்த பணம் செஜாத்தெராவுக்குப் போனது. விரும்பினால் 31 ஆகஸ்டுக்குள் ஒரே ஒருமுறை அதில் ஒரு பகுதியை ஃப்ளெக்ஸிபெலுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஃபேக்டரி கேண்டீனில் அதே பேச்சு, எல்லோரும் மாற்றுகிறார்கள். பாப்பாவும் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள், "போடட்டுமா?"

அவளுடைய செஜாத்தெராவில் 14,800 இருந்தது. மாற்றினால் அதில் மூன்றில் ஒரு பங்கு, 4,900 சொச்சம், ஃப்ளெக்ஸிபெலுக்கு வரும். அதோடு ஆறில் ஒரு பங்கு ஓய்வுக்காலக் கணக்குக்குப் போய் பூட்டிக்கொள்ளும். வீட்டுக்கு எடுக்கக்கூடியது பாதியாகி 7,400இல் நிற்கும். வீடு வாங்குபவர் கையை நீட்டக்கூடிய பெட்டி செஜாத்தெராதான். "போடாதே" என்றேன். 22 வருட அனுபவத்தில் அவளுக்கு நான் செய்த உருப்படியான உதவி இந்த ஒரு வார்த்தை என்று இப்போதும் நினைக்கிறேன்.

வேறொரு யோசனையும் வந்தது, மாதா மாதம் 900ஐச் சேமநிதியிலேயே தானாகப் போட்டால் நல்ல டிவிடெண்ட் கிடைக்குமே என்று. 2024க்கு 6.3 விழுக்காடு கொடுத்தார்கள், வேறெங்கே கிடைக்கும்? ஆனால் போடும் பணத்தில் முக்கால் பங்கு ஓய்வுக்காலக் கணக்குக்குப் போய்விடும். வீட்டு முன்பணத்தை அங்கே வைப்பது, பண்டிகைக்கு உடுத்தும் சேலையைக் கிணற்றில் பத்திரப்படுத்துவதுபோல.

2025 ஜூனில் காரை விற்றோம். அண்ணனே சம்மதித்தான், மனைவிக்கு ஒரு மோட்டாரும் தனக்கு லாரியும் போதும் என்றான். விற்ற விலைக்கும் பேங்க் பாக்கிக்கும் 3,200 துண்டு விழுந்தது. அக்கா அலமாரியைத் திறந்து ஒரு மைலோ டின்னை எடுத்தாள். கூட்டுப் பணம். பிளாக்கில் பத்துப் பெண்கள் மாதம் ஆளுக்கு 400 போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுப்பது. அந்த மாதம் அவள் முறை. சட்டப்படி அது கூடாது, 1971இலேயே தடைச் சட்டம் வந்தது, அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம்முடைய 'கூட்டு' என்ற சொல் அப்படியே இருக்கிறது. லாயர் ஆபிஸ் கிராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணன் அந்த 3,200ஐ அம்மாவுக்கு மாதம் 200ஆகத் திருப்பித் தருகிறான்.

வாங்கியது

தீவுக்குள் தேடி ஓய்ந்தபின் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனோம். பிறை, செபராங் ஜெயா, பட்டர்வொர்த். பாப்பாவுக்கு முதலில் மனமில்லை, தீவில் பிறந்தவளுக்கு பெருநிலம் என்றால் வெளியூர். மோட்டாருக்குப் பாலத்தில் டோல் இல்லாமல் 2019 ஜனவரியிலிருந்து ஓடுகிறது, ஃபேக்டரி பஸ்ஸும் செபராங் ஜெயாவில் நிற்கிறது என்று நான் சொன்னேன். மழையில் 13 கிலோமீட்டர் பாலத்தில் மோட்டார் ஓட்டிப் பாருங்கள் மாமா என்றாள். உண்மைதான். பஸ்ஸை நம்பித்தான் முடிவெடுத்தோம்.

கிடைத்த அபார்ட்மெண்ட் 720 சதுர அடி, ஃப்ரீஹோல்ட் (நிரந்தர உரிமை), ஸ்ட்ராட்டா கிராண்ட் என்கிற அந்த வீட்டுக்கான தனிப் பத்திரம் ஏற்கெனவே வெளியானது. இந்த இரண்டும் இருந்தால் மாநில அரசின் ஒப்புதலுக்கும் டெவலப்பரின் ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. விற்பவர் 232,000 கேட்டார். பேங்கின் மதிப்பீட்டாளர் 220,000 என்றார். விலையும் மதிப்பீடும் வேறுபட்டால் எது குறைவோ அதற்குத்தான் 90 விழுக்காடு. மதிப்பீட்டுத் தாளை வைத்துக்கொண்டு 220,000க்கு இறங்கினார்.

பார்க்கப் போனது மத்தியானம், வெயிலில் எல்லா வீடும் நன்றாக இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மறுபடி கூட்டிப்போனேன். லிஃப்ட் ஓடுகிறதா, கார் எங்கே நிறுத்துகிறார்கள், மேல்வீட்டுக்காரர் என்ன சத்தம். மேனேஜ்மெண்ட் ஆபிஸ் வாசலில் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. அந்தப் பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டேன். கட்டாதவர் அதிகமிருந்தால் அடுத்த வருடம் லிஃப்ட் நின்றுவிடும். இங்கே ஒரே பக்கம்தான், பரவாயில்லை.

இதற்குள் 9 ஜூலை 2025 அன்று பேங்க் நெகாரா ஓபிஆர் என்கிற அடிப்படை வட்டியை 3 விழுக்காட்டிலிருந்து 2.75க்கு இறக்கியிருந்தது, தவணை கொஞ்சம் லேசானது. ஆகஸ்டில் விண்ணப்பம் போட்டோம். சிசிரிஸில் 12 பூஜ்யம். ஒன்றிரண்டு கேள்விகளுக்குப் பின் லோன் கிடைத்தது: 198,000, 35 வருடம், மாதம் ஏறக்குறைய 877.

ரொக்கக் கணக்கை முழுதாகவே எழுதுகிறேன், "பத்து விழுக்காடு இருந்தால் போதும்" என்று நம்பி வருகிறவர்களுக்காக. முன்பணம் 22,000. பெயர் மாற்ற முத்திரை வரி, முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, மீதிக்கு 2, ஆக 3,400. கடன் ஒப்பந்த முத்திரை வரி அரை விழுக்காடு, 990. லாயர் கட்டணம் வாங்கல் ஒப்பந்தத்துக்கும் கடனுக்கும் தனித்தனியே 1.25 விழுக்காடு, 8 விழுக்காடு சேவை வரியோடு 5,643. தேடுதல், பதிவு, மதிப்பீடு என்று சில்லறையாக 1,600. கூட்டினால் 33,633 ரிங்கிட்.

அவளிடம் இருந்தது: ஒரு வருடச் சேமிப்பு, பழைய சேமிப்பு, போனஸ் எல்லாம் சேர்த்து 19,300. சேமநிதியில் எடுக்கக்கூடியது 17,000. போதும்போல் தெரிகிறதல்லவா? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சேமநிதிப் பணம் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, லோன் கடிதமும் கையில் வந்து, விண்ணப்பித்த பிறகுதான் வரும். 22,000 அதற்கு முன்பே வேண்டும். இரண்டு மாத இடைவெளிக்கு நான் 12,000 கொடுத்தேன். ஒரு வெள்ளைத்தாளில் தொகையும் தேதியும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, "மாமனுக்கும் மருமகளுக்கும் நடுவுல என்ன பேப்பர்" என்றாள். பேப்பர் இருந்ததால்தான் நவம்பரில் பணம் வந்த மறுநாளே பாப்பா தயங்காமல் கொண்டுவந்து கொடுத்தாள், நானும் தயங்காமல் வாங்கிக்கொண்டேன்.

அக்டோபரில் 2026 பட்ஜெட் வந்தது. ஐந்து லட்சத்துக்குள் முதல் வீட்டுக்கான முத்திரை வரி விலக்கு 2027 இறுதிவரை நீட்டிப்பு. பாப்பா அந்தச் செய்தியை எனக்கு வாட்சப்பில் அனுப்பினாள், கீழே சிரிக்கும் முகம் ஒன்று. 3,400ம் 990ம் சேர்ந்தால் 4,390. ஒரு பேனாக் கையெழுத்தின் விலை. முழுக் கடன் கிடைத்திருந்தால் 22,000ம் தேவைப்பட்டிருக்காது.

2026 ஜனவரியில் சாவி கிடைத்தது. பால் காய்ச்சியது காலை ஆறு மணிக்கு, அவள் ஏழு மணி ஷிப்டுக்குப் போகவேண்டும் என்று பூசாரியை அவசரப்படுத்தினோம். சித்தப்பா வந்தார், குளியலறைக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார், கதவு நிலையைத் தட்டிப் பார்த்தார், "நல்ல கட்டிடம்தான்" என்றார்.

இப்போது அவள் மாதச் செலவு: தவணை 877, பராமரிப்பும் சேமநிதிபோல் கட்டிடத்துக்கு எடுத்துவைக்கும் பத்து விழுக்காடும் சேர்த்து 99, கல்விக் கடன் 120. நகராட்சி வரி வருடத்துக்கு இருமுறை வரும். ஓவர்டைம் இல்லாத மாதத்தில் இறுக்கம், தீபாவளி மாதத்தில் எப்படியோ தெரியவில்லை. குளியலறை ஓரத்தில் மேல்வீட்டிலிருந்து கசிவு தொடங்கியிருக்கிறது, மேனேஜ்மெண்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பழைய ஃப்ளாட்டில் அவள் பங்கு அப்படியே இருக்கிறது. அண்ணனுக்குக் குழந்தை வரப்போகிறது. வீட்டை அவன் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று அக்கா நினைக்கிறாள். மலிவு விலை வீடு என்பதால் மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கான பாரங்களை நானே தயார் செய்து வைத்துவிட்டேன். பாப்பாவின் கையெழுத்து மட்டும் பாக்கி. போன ஞாயிற்றுக்கிழமை பேனாவோடு பாரத்தை நீட்டினேன். வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள், நான் சொல்லிக்கொடுத்ததுபோலவே.

"முதல் வீட்டுச் சலுகை போனது போனதுதானே மாமா? இப்ப விட்டுக்கொடுத்தா எனக்கு என்ன திரும்பி வரும்?"

ஒன்றும் வராது என்றேன்.

பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.